புட்குழிப் பறவையும் முசரவாக்கத்துப் பயறும்

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் வேலூர் பக்கம் போகும் வண்டியில் ஏறினால், பட்டுக் கடைகளும் கோபுரங்களும் பின்னால் போய், கீழம்பி தாண்டியதும் பெங்களூரு நெடுஞ்சாலை வந்துவிடும். அதில் மேற்கே போனால் பாலுச்செட்டிசத்திரம். அந்தப் பக்கத்து ஊர்தான் முசரவாக்கம். காஞ்சிபுரத்துக்கு வரும் யாத்ரீகர்கள் யாரும் இந்த ஊரைத் தேடி வருவதில்லை. நெல் வயல், மாட்டுக்கொட்டகை, கூரை வீட்டுக்குப் பக்கத்தில் மாடி வீடு, கம்பெனி வேன் வரும் நேரத்துக்குச் சாப்பாட்டுப் பையோடு நிற்கும் பிள்ளைகள். நெடுஞ்சாலைக்கு அருகே இருக்கும் எந்த ஊரும் இன்று இப்படித்தான்.

எனக்கு மட்டும் இது பாதி சொந்த ஊர். என் அப்பாவின் சிநேகிதர் இங்கே இருந்தார். நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவேன். ரத்த உறவு எதுவும் கிடையாது. கடந்த ஆவணியில் அவர் காலமானார். வயது 86. ஒரு மாதம் கழித்து, மாளய அமாவாசை அன்று மறுபடியும் முசரவாக்கம் போனேன். அன்றைக்கு அங்கே பார்த்ததையும், பக்கத்தில் இருக்கும் திருப்புட்குழியில் நினைத்ததையும் இந்த இதழின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றியது. விதையைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, இந்த ஒரு நாளில் தெரிந்துகொண்டது கொஞ்சம் அதிகம்.

தறியும் ஏரும்

என் அப்பா நெசவாளி. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் வீடு. நடு வீட்டில் குழித்தறி. காலைக் குழியில் தொங்கவிட்டு உட்கார்ந்தால், மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்யும் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, இன்னொருவர் கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த இன்னொருவர் நான்தான்.

பாவுக்குக் கஞ்சி போட அரிசி வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். பட்டு நூலுக்கு அப்போதுதான் விறைப்பு வரும். அந்த அரிசியை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் முசரவாக்கத்துப் பெரியப்பா. சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வருவார். அரிசிக்காக ஆரம்பித்த பழக்கம், ஒருவர் வீட்டு நல்லது கெட்டது இன்னொருவர் இல்லாமல் நடக்காது என்கிற அளவுக்கு வந்தது. எனக்கு விவரம் தெரிந்தபோது அவர்கள் இருவரும் அண்ணன் தம்பியாகவே பேசிக்கொண்டார்கள்.

கோடை விடுமுறையில் என்னை முசரவாக்கத்தில் விட்டுவிடுவார்கள். ஏரிக்கரை, மதகு, வரப்பு, சொர்ணவாரி நாற்றங்கால் எல்லாம் நான் பார்த்தது அங்கேதான். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்தபோது, "தறியில உக்கார வைக்காத. அவன் மண்ணைப் பாத்தா சிரிக்கிறான். விவசாயம் படிக்கட்டும்" என்று அப்பாவிடம் சொன்னவர் அவர்தான். கோவை வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் கட்டணத்துக்கு நவரை நெல்லை விலை ஏறும்வரை வைத்திருக்காமல், களத்திலேயே விற்றுப் பணம் கொடுத்தார். அப்பா அந்தக் கடனைப் பணமாகத் திருப்பவில்லை. பெரியப்பாவின் ஒரே மகள் கல்யாணத்துக்கு அரக்கு நிற உடலும் கிளிப்பச்சைக் கரையுமாகக் கோர்வைச் சேலை ஒன்று நெய்து கொடுத்தார். அதற்கு இருவருமே கணக்கு எழுதிவைக்கவில்லை.

நான் இல்லாத நாள்

2015 டிசம்பர் மாத மழையை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். சென்னை, காஞ்சிபுரம், கடலூர் மாவட்டங்கள் தண்ணீரில் நின்றன. அப்போது நான் கடலூர் மாவட்டத்தில் வேலை. மூழ்கிய பயிரைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். அந்த வாரத்தில்தான் அப்பா இறந்துபோனார்.

தகவல் வந்தபோதே அரை நாள் கடந்திருந்தது. பேருந்து இல்லை. கிடைத்த வண்டியில் ஏறி, பாலம் மூழ்கிய இடத்தில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து, மறுபடி வேறு வண்டி. நான் வீட்டை அடைந்தபோது எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. மின்சாரம் இல்லாததால் உடலை வைத்திருக்க வழியில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான்.

ஊரெல்லாம் நனைந்து கிடக்கும்போது காய்ந்த விறகு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். முசரவாக்கத்திலிருந்து டிராக்டரில் வந்தது என்றார்கள். பெரியப்பா தன் மாட்டுக்கொட்டகைப் பரணில் மழைக்காலத்துக்கென்று போட்டுவைத்திருந்த விறகையும் வறட்டியையும் தார்ப்பாய் போட்டு மூடி, மழையோடு மழையாகக் கொண்டுவந்திருக்கிறார். அப்போது அவருக்கு 70 வயதுக்கு மேல். தண்ணீர் ஓடிய இடங்களில் டிராக்டருக்கு முன்னால் இறங்கி நடந்து ஆழம் பார்த்து வந்தாராம்.

நான் அழுதபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னாத்துக்குப்பா அழுவுற. நீ அங்க நாலு ஊரு வயலப் பாத்துக்கிட்டு இருந்த. இங்க உங்கப்பன நான் பாத்துக்கிட்டேன். சரியாப் போச்சு."

சரியாகப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த ஒன்பது பத்து ஆண்டுகளை ஓட்டினேன்.

ஆவணியில் பெரியப்பா போனபோது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மகள் வயிற்றுப் பேரன் கொள்ளி வைத்தான். நான் தோள் கொடுத்தேன். மறுநாள் காடாற்றி, எரித்த இடத்தில் பால் தெளித்து நவதானியம் தூவினோம். சூடு அடங்காத சாம்பலில் ஏன் விதை தூவுகிறார்கள் என்று முன்பெல்லாம் நான் யோசித்ததில்லை. அன்றைக்கு யோசித்தேன்.

பறவைக்குத் தகனம் செய்த ஊர்

முசரவாக்கத்திலிருந்து வண்டியில் சற்று நேரத்தில் போய்விடலாம் திருப்புட்குழிக்கு. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய தலம். புள் என்றால் பறவை. புள்ளைக் குழியில் வைத்த இடம் என்பதால் புட்குழி. சீதையைத் தூக்கிக்கொண்டு போன ராவணனைத் தடுத்து, சிறகு வெட்டுப்பட்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமன் இங்கேதான் ஈமக்கடன் செய்தான் என்பது ஊர் நம்பிக்கை. பெருமாளுக்கு விஜயராகவர் என்று பெயர். தாயார் மரகதவல்லி. குளத்துக்கு ஜடாயு தீர்த்தம் என்று பெயர். வேதாந்த தேசிகர் இந்தப் பெருமாளைப் பற்றி ஒரு துதி நூல் செய்திருக்கிறார். ராமானுஜர் இளம் வயதில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இந்த ஊரில்தான் என்று சொல்வார்கள்.

ஜடாயு விழுந்த இடம் தங்கள் ஊர்தான் என்று சொல்லும் ஊர்கள் இன்னும் உண்டு. கும்பகோணம் பக்கத்தில் புள்ளபூதங்குடி இருக்கிறது. வைத்தீஸ்வரன் கோயிலில் ஜடாயு குண்டம் இருக்கிறது. கேரளத்தில் சடையமங்கலத்துப் பாறை மேல் 200 அடி நீளத்துக்கு ஜடாயு சிற்பமே வைத்திருக்கிறார்கள். வால்மீகி சொல்லும் இடமோ கோதாவரிக் கரைக் காடு. எந்த ஊர் சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. இத்தனை ஊர்க்காரர்கள் அந்தக் கிழட்டுப் பறவையைத் தங்கள் ஊர்ப் பறவை என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இந்தக் கதையில் ஒரு விஷயத்தை நாம் சீக்கிரம் கடந்துவிடுகிறோம். ஜடாயு யார்? ராமனின் அப்பா தசரதனுக்குச் சிநேகிதர். காட்டில் முதன்முதலாகச் சந்திக்கும்போது அப்படித்தான் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். கம்பராமாயணத்தில், தசரதன் இறந்துபோன செய்தியே ஜடாயுவுக்கு அப்போதுதான் ராமன் வாயால் தெரியவருகிறது. கேட்டதும் அவர் அழுது புலம்புகிறார். அப்பாவை இழந்த பிள்ளைகளுக்கு இனி நான் காவல் என்று கூடவே இருக்கிறார்.

ராவணனோடு மோதும்போது தான் கிழம், அவன் பலசாலி என்பது ஜடாயுவுக்குத் தெரியும். தெரிந்தே மோதினார். உயிர் போகும்வரை காத்திருந்து, சீதையை யார் தூக்கிப்போனது என்ற தகவலை ராமனிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். தசரதன் இறந்தபோது ராமன் அயோத்தியில் இல்லை, காட்டில் இருந்தான். அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று செய்ய முடியாததை அப்பாவின் சிநேகிதருக்குச் செய்தான். பறவை என்று பார்க்கவில்லை. விறகு அடுக்கித் தீ வைத்து, பிண்டம் வைத்து, தண்ணீர் விட்டான்.

சின்ன வயதில் பெரியப்பாவின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து பலமுறை இந்தக் கோயிலுக்கு வந்திருக்கிறேன். அப்போது எனக்கு இது சுண்டலும் புளியோதரையும் கிடைக்கும் இடம். இந்த மாளய அமாவாசையில் அந்தக் குளக்கரையில் உட்கார்ந்தபோதுதான் கதை எனக்குப் புரிந்தது. மாளயத்தில் சொந்த முன்னோருக்கு மட்டுமல்ல, குருவுக்கும் சிநேகிதருக்கும்கூட எள்ளும் தண்ணீரும் விடலாம் என்று ஒரு மரபு உண்டு. அப்பா பெயரைச் சொல்லி விட்டேன். அடுத்துப் பெரியப்பா பெயரைச் சொன்னேன். என்ன உறவு என்று கேட்டார் செய்துவைத்தவர். "அப்பாவோட சிநேகிதர்" என்றேன். "இந்தக் கரையில அதுக்கு மேல உறவு என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த மந்திரத்துக்குப் போனார்.

வறுத்த பயறு

திருப்புட்குழித் தாயாருக்கு இன்னொரு பெருமை சொல்வார்கள். குழந்தை வேண்டும் பெண்கள் அமாவாசையில் குளத்தில் குளித்து, கோயிலில் வைத்துக் கொடுக்கும் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். விடிந்து பார்க்கும்போது பயறு முளை விட்டிருந்தால் வேண்டுதல் பலிக்கும் என்று நம்பிக்கை. அன்றும் சில பெண்கள் வந்திருந்தார்கள்.

விதைச் சான்றும் முளைப்புத்திறன் பரிசோதனையுமாக 30 வருஷம் ஓட்டியவன் நான். வறுத்தால் விதைக்குள் இருக்கும் கரு செத்துப்போகும் என்பது எனக்குத் தெரியும். எல்லாப் பயறிலும் 'கல் பயறு' என்று சொல்லும், தண்ணீரே உள்ளே இறங்காத விதைகள் கொஞ்சம் இருக்கும். லேசான சூடு பட்டால் அவற்றின் தோல் இளகி முளைப்பதும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் பெரியப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "வறுத்த பயறு அந்தத் தாயாரோட வேலை. அத அவங்க பாத்துக்குவாங்க. வறுக்காத பயறு முளைக்கணும் பாரு, அது நம்ம வேலை. அத நாம ஒழுங்காப் பாக்குறமா?" என்றார்.

அவர் ஒழுங்காகப் பார்த்தார். ஒவ்வொரு ஆண்டும் கோடையில் பாசிப்பயறு போட்டு, நல்ல செடியாகப் பார்த்து விதைக்கென்று காய் பறிப்பார். காயவைத்து, தட்டி, புடைத்து, பல்லில் கடித்துப் பார்ப்பார். 'கடக்' என்று உடைந்தால் சரி. சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் கலந்து இரண்டு மண்பானையில் கொட்டி, வாயைத் துணியால் கட்டிச் சாணமும் மண்ணும் பூசி மூடுவார். பிறகு மாதம் தவறாமல் அமாவாசை அன்று பானையைத் திறந்து பயறை வெயிலில் போட்டு எடுப்பார்.

"அமாவாசையில காயவச்சா வண்டு விழாது" என்பார். பெரியப்பா மட்டுமல்ல, உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் அப்போது நம்பிக்கை இல்லை. நிலவுக்கும் வண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தேன்.

சில ஆண்டுகள் கழித்துத்தான் கணக்கு பிடிபட்டது. பயறு வண்டு விதையின் மேல் முட்டை இடும். புழு விதையைக் குடைந்து உள்ளேயே வளர்ந்து, வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளியே வரும். நம் ஊர் வெப்பத்தில் இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம். மாதம் ஒருமுறை வெயிலில் போட்டால், ஒரு தலைமுறை வண்டு அடுத்த தலைமுறைக்கு முட்டை இட்டுப் பெருகுமுன் அந்தச் சுற்று அறுபடுகிறது. நாள்காட்டி இல்லாத காலத்தில், மாதம் ஒருமுறை தவறாமல் ஞாபகம் வர அமாவாசையைவிட நல்ல நாள் எது? படையலுக்காக வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். ஏர் பூட்டாத நாள் என்பதால் கையும் சும்மா இருக்கும். நான் சிரித்ததை அவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். "அவ்ளோ தூரம் யோசிக்கல தம்பி. எங்கப்பா செஞ்சாரு, நான் செய்யிறேன்" என்றார்.

ஒரு பானை

குளக்கரையில் காரியம் முடித்துவிட்டு முசரவாக்கம் வீட்டுக்குப் போனபோது தங்கச்சி மாடியில் இருந்தாள். பெரியப்பாவின் மகள். எனக்குத் தங்கை. ஏறிப் பார்த்தேன். தார்ப்பாய் விரித்து, ஒரு பக்கம் பயறு காய்ந்துகொண்டிருந்தது. நல்ல பச்சை. இன்னொரு பக்கம் ஒரு குவியல். அதைக் கையில் அள்ளினேன். பாதிக்குப் பாதி ஓட்டை. விரலிடுக்கில் மாவு கொட்டியது. வண்டுகள் ஓடின.

"போன அமாவாசைக்கு மூணு நாள் முன்னாடிதான் அப்பா போச்சு. ஆளுங்க வர்றதும் போறதும். பயறு ஞாபகமே இல்லண்ணா. இன்னிக்குத் தெறந்து பாத்தா ஒரு பானை இப்படிப் போச்சு" என்றாள். அவளுக்கு அப்பா இறந்த அன்றுகூட அவ்வளவு அழுகை வந்து நான் பார்க்கவில்லை.

ஒரே ஓர் அமாவாசை தவறியது. ஏக்கருக்கு 8 கிலோ விதை என்று வைத்தால், ஒரு ஏக்கருக்கான விதை மாவாகிவிட்டது. எத்தனை தலைமுறையாகவோ ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறிவந்த விதை அது. கடையில் இன்றைக்குப் புதிய ரகம் வாங்கலாம். கோ 8 போட்டால் காய் எல்லாம் ஒரே சமயத்தில் முற்றும், ஒரே அறுவடையில் எடுக்கலாம். நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பானையில் இருந்ததைக் கடையில் வாங்க முடியாது.

மீதி ஒரு பானை தப்பித்திருந்தது. அதன் வாயில் பூச்சு விரிசல் விடாமல் இருந்திருக்கிறது.

"எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சேன். கூடவே இருந்து பாத்தவ. பூச்சுல விரிசல் வந்தா மறுபடி பூசணும்னு அப்பா சொன்னதா ஞாபகம் இல்ல. கேக்காம விட்டுட்டேன்" என்றாள். நானும் கேட்டதில்லை. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும் என்று கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஈரத்தை மண்பானையில் எப்படித் தடுப்பது என்று தெரிந்தவர் ஒருவர் என் வீட்டு மனிதராகவே இருந்தார். ஐம்பது வருஷம் பழகியும் உட்கார்ந்து முழுசாகக் கேட்டு எழுதிவைக்கவில்லை. அப்பாவிடமும் அப்படித்தான். கோர்வை எப்படிப் போடுவது என்று என் கைக்குக் கொஞ்சம் தெரியும். சொல்லத் தெரியாது. தறி போய்விட்டது.

நிலம் யாருக்கு

சாப்பிட்டு முடித்ததும் தங்கச்சி இன்னொன்றும் சொன்னாள். கருமாதி முடிந்த மறுநாளே மனை போட நிலம் கேட்டு ஆள் வந்துவிட்டதாம். நெடுஞ்சாலை பக்கத்து நிலம் அல்லவா. பங்காளிகள் சிலர், "ஆம்பளப் பிள்ளை இல்லாத சொத்து, எங்களக் கேக்காம எப்படி" என்று பேசுகிறார்களாம். அவளுக்கு விற்க மனமில்லை. மகன் கம்பெனி வேலைக்குப் போகிறான். விவசாயத்தை ஓட்டுவது அவள்தான். ஆனால் பயம்.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பல வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கிறது.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்து சான்று வாங்க வேண்டும். அதை அவள் மகன் செய்திருந்தான். அடுத்தது வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று. இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதன்பிறகு பட்டா மாற்றம். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் இருந்தால் அங்கேயும், பயிர்க் காப்பீட்டுக்கும், அரசு உதவித்தொகைக்கும் பெயர் மாற்ற வேண்டும். இவை முடியும்வரை எந்த வெற்றுத் தாளிலும் கையெழுத்து போடக் கூடாது, முன்பணம் வாங்கக் கூடாது.

மகள் என்பதால் உரிமை குறையாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இல் வந்தபோதே, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதற்கும் 2005-இலும் வந்த திருத்தங்கள் பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு உரிமை கொடுத்தன. தாயும் இல்லாத ஒரே மகள் என்றால், தகப்பனின் சொந்தச் சொத்து முழுதும் அவளுக்குத்தான். பூர்வீகச் சொத்து கலந்திருந்தால் வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

"விக்கிறதா வேணாமான்னு நான் சொல்ல மாட்டேம்மா. உன் பேருக்குப் பட்டா வரட்டும். அதுக்கப்புறம் நீ முடிவு பண்ணு. தாலுகா ஆபீசுக்குப் போறன்னிக்கு எனக்குப் போன் பண்ணு. லீவு போட்டுட்டு வரேன்" என்றேன்.

அவள் உள்ளே போய் பீரோவிலிருந்து ஒரு சேலையை எடுத்துவந்தாள். அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை. முப்பது வருஷம் ஆகியும் ஜரிகை எங்கும் முறியவில்லை. "உங்கப்பா குடுக்கும்போது சொன்னாரு. மூணு மாசத்துக்கு ஒருதடவை எடுத்து, காத்தாட விட்டு, மடிப்ப மாத்தி மடின்னு. ஒரே மடிப்புல கெடந்தா ஜரிகை அங்கேயே ஒடஞ்சிடுமாம். இத நான் ஒருதடவைகூட மறக்கலண்ணா" என்றாள்.

என் அப்பா சொன்னதை அவள் காப்பாற்றியிருக்கிறாள். அவள் அப்பா சொன்னதை நான் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நூறு விதை

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு ஒவ்வொரு கோடையிலும் வரும் கேள்வி, "வீட்டில் வைத்த பயறு விதை ஏன் முளைப்பதில்லை?" என்பது. முசரவாக்கத்துப் பானையை வைத்தே பதில் சொல்கிறேன்.

பயறு விதையை ஈரப்பதம் 9 சதவீதத்துக்கு மேல் போகாமல் காயவைக்க வேண்டும். நெல்லுக்கு 13 சதவீதம் போதும். சிமென்ட் களத்தில் நேரடியாகப் போடாமல் தார்ப்பாயில் பரப்புங்கள். உச்சி வெயிலில், 12 மணியிலிருந்து 3 மணி வரை விதையைக் காயவைக்க வேண்டாம். காய்ந்ததும் சூடு ஆறவிட்டுத்தான் கட்ட வேண்டும். சாம்பலும் வேப்பிலையும் கலக்கலாம். கிளர்வூட்டப்பட்ட களிமண் கிடைத்தால் 100 கிலோ விதைக்கு ஒரு கிலோ போதும். பானையோ டிரம்மோ, காற்று புகாமல் மூடுங்கள். பூச்சில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை திறந்து வெயில் காட்டுங்கள். நாள் மறக்கும் என்றால் அமாவாசையை வைத்துக்கொள்ளுங்கள்.

விதைக்கும் முன் நூறு விதையை எண்ணி, ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி நிழலில் வையுங்கள். காயாமல் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரத்தில் பிரித்து எண்ணுங்கள். பாசிப்பயறில் 75-க்குக் குறையாமல் நல்ல முளை இருந்தால் விதைக்கலாம். சான்று விதைக்கு வைத்திருக்கும் அளவும் அதுதான்.

தப்பித்த பானையிலிருந்து தங்கச்சி எனக்கு ஒரு படி பயறு கொடுத்தாள். ஒரே வீட்டில் இருந்தால் இன்னொரு பானையும் போய்விடும், இரண்டு இடத்தில் இருக்கட்டும் என்று நான்தான் கேட்டேன். வீட்டுக்கு வந்து நூறு விதை எண்ணிச் சுருட்டி வைத்தேன். ஏழாம் நாள் பிரித்தேன். 83 முளைத்திருந்தது. போன் செய்து சொன்னேன்.

"அப்போ போடலாமாண்ணா?"

"தாராளமாப் போடலாம்மா. மொதல்ல வரப்புல போட்டு விதைய பெருக்கு. கோடையில வயலுக்கு எடுத்துக்கலாம்."

காடாற்றிய இடத்தில் தூவிய நவதானியம் என்ன ஆயிற்று என்று கேட்க நினைத்தேன். அவளே சொன்னாள். அங்கே பயறு நன்றாக முளைத்து, மாடு மேய்ந்துவிட்டதாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா இருப்பார். அப்பாவின் சிநேகிதராக இருக்கலாம், பக்கத்து வயல்காரராக இருக்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் பானை, எந்த மாதம், எந்த மதகு, எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை முறை என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிவையுங்கள். என் அப்பாவிடமும் பெரியப்பாவிடமும் நான் செய்யத் தவறியது அதுதான்.

இந்த ஆண்டு எங்கள் இரண்டு வீட்டிலும் தீபாவளி கிடையாது. ஐப்பசி அமாவாசைக்கு முசரவாக்கத்து மாடியில் ஒரு தார்ப்பாயும், எங்கள் வீட்டு மாடியில் ஒரு தார்ப்பாயும் விரிப்பதாகப் பேசிவைத்திருக்கிறோம். மழை வந்தால் மறுநாள்.